இருபது நிமிசக் கதிரை

கடைக்கு வருகிற கதிரைகள்
ஒரே வருத்தத்தைத்தான் சொல்லும்:
குழி விழுந்திட்டு, ஸ்பிரிங் கறல் பிடிச்சிட்டு,
எலி தும்பை இழுத்துக்கொண்டு போயிட்டு.
கல்லடியில் கடல் ஒருபக்கம், வாவி ஒருபக்கம்.
உப்புக்கு இரும்பென்றால் பயமே இல்லை.

நில அளவை பூபாலபிள்ளை தன் நாடாவோடு வருவார்.
நான் அளந்ததை அளப்பார்.
பிறகு இரண்டு நாடாவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து
என்னுடையது நூலளவு பிழை என்று கண்டு
சேட்டுப் பைப் பேனையால் அதன் நுனியில்
"பொய்" என்று எழுதிவிட்டுப் போனார்.
இன்றைக்கும் அந்த நாடாதான்.

தாமரைக்கேணிச் சகோதரிகள் இருவர்
எழுபது தாண்டியும் கதையில்லை, ஒரே செற்றி.
ஒருத்தி பச்சை கேட்டா, மற்றவ மண்ணிறம்.
பாதிப் பாதியாய்ப் போட்டுக் கொடுத்தேன்.
நடுத்தையலுக்கு யார் காசு என்பது
இன்னும் தீரவில்லை.

ஆதம்லெவ்வை ஹாஜியார் காரை விற்றார்,
முன்சீற்றை விற்கவில்லை.
நாலு கால் அடித்துத் தரச்சொன்னார்.
பெல்ட்டை அறுக்கப் போனேன், தடுத்தார்:
"கிடக்கட்டும் தம்பி.
நித்திரை தூங்கி விழுற நேரம் உதவும்."

மிஸிஸ் பார்த்தலோட் டச்பாரில் இருந்து வந்து
ஓட்டோவை விட்டு இறங்காமலே கேட்டா:
"இருபது நிமிசத்துக்கு மேல
ஆரும் இரிக்க ஏலாத கதிரை ஒண்டு
செய்வியா மனே?"

முப்பத்திரண்டு வருசம் மெதுமை விற்றவன் நான்.
திரும்பக் கேட்டேன்.
"காணி கேட்டு வாறானுகள், ஹோட்டல் கட்ட.
தேத்தண்ணி குடுக்காம அனுப்பேலாது,
என்னை வளர்த்தது அப்பிடி.
குடிச்சு முடிய எழும்பவேணும்."

ஸ்பொஞ்சைப் பாதியாய் வெட்டினேன்.
முன்கால் இரண்டையும் அரை அங்குலம் அரிந்தேன்,
இருப்பவர் தனக்கே தெரியாமல் வழுக்க.
நாரி படுகிற இடத்தில் ஒரு பித்தான்,
பூத்துணியால் போர்த்தி.
துணியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.
தூர நின்று பார்த்தால் "வா" என்று சொல்லவேண்டும்.

கரண்ட் பில் எழுதுகிறவர் பதினெட்டு நிமிசம்.
சீட்டுக்காசு சேர்க்கிற மல்லிகாக்கா பன்னிரண்டு,
எழும்பி நின்று "வடிவான கதிரை" என்றா.
என் கையாள் நிலோஜன் ஃபோனும் கையுமாய் நாற்பது.
அவனைக் கணக்கில் எடுக்கவில்லை.

மிச்சக்காசுக்குப் போன அன்று
அதில்தான் என்னை இருத்தினா.
தேத்தண்ணி. புரூடர் ஒரு துண்டு.
"காசை எங்க வைச்சன்" என்று உள்ளே போனா.
லாச்சி திறக்கிற சத்தம்.
லாச்சி மூடுகிற சத்தம்.
நான் வைத்த பித்தான் என்னைக் கண்டுபிடித்தது.
பதினாறில் கால் மாற்றினேன்.
பிறகு கடலைப் பார்க்கிறவன்போல எழும்பி
ஜன்னலடிக்குப் போக,
உள்ளேயிருந்து குரல்: "இருபத்தொண்டு!"
ஒரு கையில் மணிக்கூடு, மறுகையில் காசு,
எண்ணிப் பார்த்தேன், நூறு ரூபாய் கூட.

மாரி தொடங்க ஆள் அனுப்பினா.
தரகர்கள் நின்றுவிட்டார்களாம்.
ஃபாதரும் நின்றுவிட்டாராம்,
இப்போதெல்லாம் படலையடியில் நின்றே ஆசீர்வாதம்.
மூலைவீட்டு டொறதிக்கும் திடீரென்று
வீட்டில் நிறைய வேலையாம்.
"பித்தானை மட்டும் கழட்டு.
கால் அப்பிடியே கிடக்கட்டும்.
முப்பத்தஞ்சு நிமிசம் காணும்."

கழற்றிய பித்தானைக் கொண்டுவந்து
அன்றிரவே
என் கடைவாசல் கதிரையில் தைத்தேன்.
ஐந்தாம் திகதி லீசிங்காரன் வரும் நாள்.

வந்தான்.
"இரிங்க தம்பி," என்றேன், வாயெல்லாம் பல்லாக.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, எஞ்சினை நிற்பாட்டவில்லை,
ரசீதைப் பெற்றோல் டாங்கியில் வைத்து எழுதினான்.
"நேரமில்லண்ணே.
இன்னும் பதினேழு வீடு கிடக்கு."